பறை முழங்கட்டும், கட்டாயம் ஒழியட்டும்!

தஞ்சையில் 1986-ல் தென்னகப் பண்பாட்டு மையம் ஏற்பட்டது. தப்பாட்டமும் கரகமும் பொய்க்கால் குதிரையும் இன்று சர்க்கார் மேடையில் ஏறுகின்றன. 2025-ல் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே! தப்பும் நடவுப் பாட்டும் இங்கே வளர்ந்த இடம் எது? சேரியும் சேற்று வயலும்தானே! இடுப்பொடியக் குனிந்த பெண்கள் பாடியது களைப்பை மறக்க. பறையோ, ஆண்டை வீட்டுச் சாவுக்கு மறுக்க முடியாத சாதி ஊழியமாக இருந்தது. சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துத் தோழர் பி. சீனிவாசராவ் வழிகாட்டச் செங்கொடி ஏந்தியவர்கள் இந்த மக்களே. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக 1968 டிசம்பர் 25-ல் வெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கினார்கள்.

மேடையில் கைதட்டிவிட்டு, ஊருக்கு வந்ததும் "இழவுக்கு வந்து அடி" என்று அதட்டினால் அந்தக் கைதட்டலுக்கு என்ன மதிப்பு?

ஊருக்கு ஊர் கலை விழா நடத்துவோம். ஆலைத் தோழர்களும் குடும்பத்தோடு வரட்டும். ஆடுபவருக்கும் அடிப்பவருக்கும் பேசிய கூலி கொடுப்போம். "அழைத்தால் வருவோம், கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம்" என்பதை விவசாயத் தொழிலாளர் சங்கம் அந்த விழா மேடையிலேயே தீர்மானமாக நிறைவேற்றட்டும்!