140 மூட்டைக் கணக்கு

2011-இல் தமிழக அரசு தொடங்கிய வீட்டுத் திட்டம் ஒன்றின் பெயரிலேயே 'பசுமை வீடுகள்' என்று இருந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், கூரைமேல் சூரியத் தகடு, உள்ளே ஐந்து விளக்குகள். பசுமை அந்த ஐந்து விளக்குகளோடு நின்றுகொண்டது. சுவரும் தளமும் வழக்கமான சிமென்டும் கம்பியும்தான்.

இப்போது நடப்பது 'கலைஞரின் கனவு இல்லம்'. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். பெயரில் பசுமை இல்லை. அந்த மட்டில் நேர்மையான திட்டம்.

கொத்தனார்கள் வாய்க்கணக்காக சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பார்கள். அப்படியானால் வீட்டுக்கு 140 மூட்டைக்குமேல். கலப்புச் சிமென்டாகவே வைத்துக்கொண்டாலும் மூட்டைக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு. ஒரு வீட்டுக்கு நாலு டன், எட்டு லட்சம் வீட்டுக்கு முப்பது லட்சம் டன்னுக்கு மேல். கம்பியும் சூளைச் செங்கல்லும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உலகின் கரியமில வெளியீட்டில் சுமார் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுடும்போது கல்லுக்குள் இருக்கும் வாயுவே வெளியேறுகிறது. நிலக்கரியை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது.

இதற்காக ஏழைக்கு வீடே கட்டக்கூடாது என்றோ, அவர் மண் வீட்டிலேயே இருக்கட்டும் என்றோ யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டோம். குடிசை எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2018-இல் கஜா புயல் அடித்தபோது காவிரி டெல்டாவில் கூரை பறந்தது யாருடைய வீடுகளுக்கு என்பதும் தெரியும். தளம் போட்ட 'மெத்தை வீடு' கட்டிவிட்டோம் என்று ஒரு குடும்பம் சொல்லும்போது அதில் மழைக்குப் பாதுகாப்பு மட்டுமல்ல, ஊருக்குள் நிமிர்ந்து நடக்கும் தெம்பும் இருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து அவர்களுக்கு மண் சுவரின் அருமையை உபதேசிக்க நமக்கு அருகதை கிடையாது.

ஆனால் அந்த மெத்தை வீட்டுக்குள் சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். நாலரை அங்குலத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் சூடு தணியும், 3.50 லட்சத்தில் அதுவரைக்கும் பணம் வராது. மின்விசிறி அனல் காற்றையே சுற்றிவிடுகிறது. கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் வாசலுக்கு வந்து படுக்கிறது. கரியமில வாயுவும் குறையவில்லை, குளிர்ச்சியும் இல்லை.

வழி தெரியாமல் இல்லை. செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவே காற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' ஏறத்தாழ கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும். தளத்தின் அடிப்பாகத்தில், பாரம் தாங்காத இடங்களில், கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓட்டை வைத்தால் சிமென்ட் குறையும், சூடும் குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இவற்றைக் கட்டிக் காட்டி அரை நூற்றாண்டாகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் ஐந்து சதவீதம் அளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டிகளால் மாடிக் கட்டடங்களே நிற்கின்றன. சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

பிறகு ஏன் பரவவில்லை? பதில் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. ஓவர்சியர் மதிப்பீடு எழுதுவது அரசு விலைப்பட்டியலான 'ஷெட்யூல் ரேட்' பார்த்து. அதில் தெளிவாக இல்லாத வேலையை எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கொத்தனாரைக் கேட்டால், "ஹாலோ பிளாக்னா நாலு நாள்ல சுவர் ஏறிடும், இது கைவேலைங்க" என்பார், பொய்யில்லை. மண்கட்டி நான்கு வாரம் தண்ணீர் காட்டிப் பதப்பட வேண்டும். அரசுப் பணமோ கட்டம் கட்டமாக வருகிறது. அடுத்த தவணை வரும்வரை கந்துவட்டிக்கு வாங்கிச் செலவழிக்கும் பயனாளிக்கு நான்கு வாரம் என்பது வட்டி. பொருள் மலிவு, கூலியும் நாளும் அதிகம். ஆர்வலர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சென்னை பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் புதுத் தொழில்நுட்பத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றன. முன்வார்ப்பு முறையில் வேகம் உண்டு; வார்க்கப்படுவது கான்கிரீட்தான்.

அரசு நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கனவு இல்லத் திட்ட வீடுகளுக்கான சிமென்டை அரசே வாங்கிக் கொடுத்து உதவித்தொகையில் கழித்துக்கொள்கிறது. அரியலூரிலும் ஆலங்குளத்திலும் டான்செம் என்ற சொந்த நிறுவனத்தின் ஆலைகளும் அரசுக்கு உண்டு. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் புதுவகைச் சிமென்டை உருவாக்கிய ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டோடு ஒப்பிட்டால் அதில் கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் குறைவு. 2023-இல் இந்தியத் தரக்குறியீடும் வந்துவிட்டது. கொத்தனார் புதிதாக எதையும் பழக வேண்டாம், பயனாளி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். டான்செம் அதை அரைக்கத் தொடங்கவும், எட்டு லட்சம் வீடுகளில் இனிக் கட்டப்படுபவற்றுக்கு அதையே வழங்கவும் ஓர் அரசாணை போதும்.

மண்கட்டியும் ஓட்டுத் தளமும் அப்புறம். அவற்றை விலைப்பட்டியலில் வேலைவாரியாக எழுதுங்கள். தட்டோடு பதிக்கும் செலவை உதவித்தொகையோடு சேருங்கள். கொத்தனாருக்குப் பயிற்சி நாளிலும் கூலி கொடுங்கள். ஆனால் சோதனையை ஏழையின் தலையில் தொடங்க வேண்டாம். முதல் மண்கட்டிச் சுவர் மாவட்ட ஆட்சியர் குடியிருப்பில் எழட்டும்.