மயக்கம் கற்க எத்தனை புஸ்தகம்?

சென்னை வைத்தியக் கலாசாலை ஒன்றில் வாசிக்கும் மாணவி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அவரை மயக்க மருந்துப் பகுதிக்கு இரண்டு வாரம் அனுப்பப் போகிறார்களாம். அதற்குள் எந்தப் புஸ்தகங்களை வாங்கிப் படிப்பது என்று கேட்டு, தோழிமார் சொன்ன ஒன்பது புஸ்தகங்களின் ஜாபிதாவையும் இணைத்திருக்கிறார். ஜாபிதாவைப் பார்த்ததும் நமக்கே சற்று மயக்கம் வந்துவிட்டது!

"வைத்திய மாணவியின் கவலை நமக்கு எதற்கு?" என்று மற்ற நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆபரேஷன் மேஜையில் நம்மில் எவர் படுக்க நேர்ந்தாலும், அன்று நம் மூச்சு வேறொருவர் கையில் இருக்கும். அவர் எதைப் படித்தார், எப்படிப் படித்தார் என்பது நம் உயிரைப் பற்றிய விஷயமேயன்றோ?

நமது அபிப்பிராயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு புஸ்தகமும் ஒரு பெரிய புஸ்தகமும் போதும். சிறியதை முதலிலிருந்து முடிவு வரை வாசித்துவிட வேண்டும். ராபின்ஸன், ஹால் என்னும் இருவர் புதிதாக இத்துறைக்கு வருவோருக்கென்றே எழுதி 1997-ம் வருஷம் வெளியிட்ட புஸ்தகம் ஒன்று உண்டு. மயக்க மருந்துத் துறையில் பிழைத்திருப்பது எப்படி என்பது அதன் பெயருக்குப் பொருள். பெயரில் வேடிக்கை இருந்தாலும் உள்ளே இருப்பது காரியம். பரீட்சையை உத்தேசித்துப் படிப்பதானால், நம் நாட்டு மாணவர் பலர் கையில் காணப்படும் அஜய் யாதவின் சிறு பாடப் புஸ்தகம் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். பெரிய புஸ்தகம் என்றால் 1981-ல் முதன் முதலாக வெளிவந்த மில்லரின் கிரந்தம். அதை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. கலாசாலைப் புஸ்தகசாலையிலே உட்கார்ந்து, சந்தேகம் வந்த இடத்தை மட்டும் பார்த்து வந்தால் போதுமானது.

கடையில் வேறு புஸ்தகம் கண்ணில் பட்டால், அதன் தராதரத்தை அறிவது எப்படி? இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதற் கேள்வி: தூங்க வைக்கு முன் நோயாளியைச் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் சொல்வது ஏன்? "அவ்வாறு செய்க" என்று மட்டும் உத்தரவு போடும் புஸ்தகத்தை மூடி வைத்துவிடலாம். நல்ல புஸ்தகம் கணக்குச் சொல்லும். சாதாரணமாக மூச்சை விட்ட பின்பும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கிறது. அதில் பிராணவாயு அரை லிட்டர் கூட இராது. உடலோ நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் செலவழிக்கிறது. மருந்தினால் மூச்சு நின்றால், இரண்டு நிமிஷத்துக்குள் இருப்புத் தீர்ந்துவிடும். முன்னதாக 3 நிமிஷம் சுத்தப் பிராணவாயு கொடுத்திருந்தால், திடகாத்திரமான ஒருவர் ஏறக்குறைய 8 நிமிஷம் தாங்குவார். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பருத்த சரீரமுடையோரும் அவ்வளவு தாங்க மாட்டார்கள். குழாய் சுலபமாக உள்ளே செல்லாத வேளையில் இந்தச் சில நிமிஷங்களே உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பவை.

இரண்டாவது கேள்வி: நோயாளி எத்தனை நேரம் பட்டினி இருக்க வேண்டும்? வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலில் இறங்கினால் பெருந்தீங்கு என்பதற்காகவே இந்த விரதம். "நடுநிசிக்குப் பிறகு சொட்டுத் தண்ணீரும் ஆகாது" என்று எல்லோருக்கும் ஒரே விதி கூறும் புஸ்தகம் பழையது. சாதாரண நோயாளிக்கு வெறுந்தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரையிலும், இலேசான பலகாரம் 6 மணி நேரம் முன்பு வரையிலும் கொள்ளலாம் என்பதும், எண்ணெய்ப் பண்டங்களுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும் என்பதும் இப்போதைய வழக்கம். பால் கலந்த காப்பி தண்ணீரோடு சேர்ந்ததன்று. அதற்கும் 6 மணி நேரம் வேண்டும். "பாவம், குழந்தை பசியோடு இருக்கிறதே" என்று இரகசியமாகக் காப்பி கொடுக்கும் பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும். அவரவர் டாக்டர் சொல்வதே அவரவருக்குக் கட்டளை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

புஸ்தகத்தை அளவுக்கு மீறி நம்புவதிலும் அபாயம் உண்டு. அதற்கு உதாரணம் தேட நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், க்ளோரோபாரம் இருதயத்தை நேரே தாக்குவதில்லை, மூச்சு நிற்பதனாலேயே மரணம் நேருகிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று போதித்தார். 1888, 1889-ம் வருஷங்களில் நிஜாம் சர்க்காரின் ஆதரவில் இரண்டு கமிஷன்கள் கூடி, பிராணிகளிடம் சோதனை செய்து, அவர் கட்சியே சரி என்று தீர்ப்பளித்தன. ஆனால் 1911-ல் லெவி என்பவர், மயக்கம் இலேசாக இருக்கும்போதே க்ளோரோபாரம் இருதயத் துடிப்பைச் சிதற அடித்து நிறுத்திவிடக் கூடும் என்று நிரூபித்தார். மூச்சைக் கவனி என்ற லாரியின் உபதேசம் பொன்னானது. நாடியைக் கவனிக்க வேண்டாம் என்றதுதான் பிசகு. ஆகையால் அச்சான வருஷத்தைப் பாராமல் எந்தப் புஸ்தகத்தையும் வாங்கலாகாது.

அந்நிய நாட்டுப் புஸ்தகங்கள்தானே என்று நம் மாணவர் கூச வேண்டியதுமில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்து, குழாய் செலுத்துவது கஷ்டமாகுமா என்று ஊகிக்கும் முறை உலகமெங்கும் மல்லம்பட்டி என்ற பெயரால் வழங்குகிறது. 1985-ல் அதை வெளியிட்டவர் ஆந்திர தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த டாக்டர். நோயாளியின் வாயை ஊன்றிப் பார்த்ததனால் அவர் பெயர் புஸ்தகங்களில் ஏறியது.

மாணவிக்கு நாம் சொல்வதும் அதுவே. மறுநாள் ஆபரேஷனுக்கு வருகிறவரை முன்தினம் மாலையே படுக்கையருகில் சென்று பாருங்கள். ஆடும் பல் உண்டா, முன்பு மயக்கம் கொடுத்தபோது தொந்தரவு ஏதும் நேர்ந்ததா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நல்ல தமிழில் விசாரியுங்கள். பிறகு அந்த ஒருவருக்கு வேண்டிய பக்கங்களை அன்றிரவே படியுங்கள். ஒரு முகத்தோடு சேர்த்துப் படித்தது மறக்காது. காலையில் அவர் கண்ணை மூடுமுன் கடைசியாகப் பார்ப்பது உங்கள் முகமாக இருக்கலாம். நேற்றுப் பேசிய பெண் அருகில் நிற்கிறாள் என்ற தைரியத்தை எந்தப் புஸ்தகமும் அவருக்குக் கொடுக்க முடியாது.