நேரம் இருந்தது, மனம் இல்லை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கொடைக்கானல் மலைச்சாலையில் சுற்றுலா வண்டிகள் நின்றுபோயின. வில்பட்டியில் வீட்டோடு முடங்கிய நம்மில் சிலர், விட்டுப்போன நூல்களையெல்லாம் இனிப் படித்துவிடலாம் என்று எண்ணினோம். நடந்ததோ வேறு. நூலகங்கள் மூடப்பட்டன. தாளின் வழியே தொற்று வருமோ என்றஞ்சிச் செய்தித்தாளை நிறுத்தியவர்களும் உண்டு. கைப்பேசி மட்டும் ஓயவில்லை. நோயாளர் எண்ணிக்கையையும் வதந்தியையும் கைவைத்தியக் குறிப்புகளையும் இரவுபகலாகப் படித்தோம். புத்தகத்தைத் திறந்தாலோ இரண்டு பக்கங்களுக்கு மேல் மனம் செல்லவில்லை.

அது சோம்பல் அன்று. வாசிப்புக்கு நேரம் மட்டும் போதாது, அச்சம் தணிந்த மனமும் வேண்டும்.

மருத்துவமனைக் கட்டிலும் ஒருவகை ஊரடங்கே. படிக்க இயலவில்லையே என வருந்தும் நோயாளர்கள் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. புதிய நூல் வேண்டாம். முன்பு படித்து மகிழ்ந்த ஒன்றையே எடுங்கள். முடிவு தெரிந்த கதை மனத்தைப் பதற வைக்காது. உடனிருப்போர் நாளுக்கு நான்கு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நோய் குறித்த ஐயங்களைக் கைப்பேசியிடம் கேளாமல் மருத்துவரிடமே கேளுங்கள். கைப்பேசி கதை சொல்லட்டும்.