ஓடின நேரமும் துடைச்ச நேரமும்

போன வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை, டோர்செட் பார்க்கில் எங்கட டிரைவ்வேயில் ஒரு சிவப்பு டேர்ட் பைக் வந்து இறங்கியது. ஹொண்டா சிஆர்எஃப்110எஃப், பாவிச்சது. பத்து வயது மகள் ஒரு குளிர்காலம் முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்துக் கேட்டது. நான் பெயின்ற், பிளாஸ்ரிக், ரயர் எல்லாம் பார்த்துத்தான் காசு குடுத்தேன். மூன்றும் நல்லாத்தான் இருந்தன. பிழை வேறு இடத்தில் இருந்தது.

அப்பா வந்தார். பெயின்றை அவர் பார்க்கவே இல்லை. முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு என்ஜினைப் பார்த்தார். "இது எங்கட சி-நைன்ரியின்ர என்ஜின் அல்லோ?"

அவர் சொன்னதில் உண்மை இருக்கு. 1958இல் ஹொண்டா சுப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிளை விற்பனைக்கு விட்டது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் முன்பக்கமாகப் படுத்திருக்கும். கிளட்ச் லீவர் கிடையாது, காலால் மிதித்தால் கியர் மாறும். 2017இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. யாழ்ப்பாணத்து சி-90உம் எம்டி-90உம் அந்தக் குடும்பம்தான். மகளின் பைக்கிலும் அதே படுத்த சிலிண்டர், கிளட்ச் லீவர் இல்லாத கியர், காற்றிலேயே குளிரும் 109 சிசி என்ஜின். ரேடியேற்றர் இல்லை. உடையிறதுக்குச் சாமான் குறைவு.

பிறகு அப்பா அக்சிலேற்றரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தார். அது ஆறுதலாகத் திரும்பி வந்தது, பள்ளிக்கூட நாளில் பிள்ளை எழும்புற மாதிரி.

"இதையோ பிள்ளையிட்டக் குடுக்கப் போறாய்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பயந்த பிள்ளை பிடியை இறுக்கிப் பிடிக்கும். விட்டாலும் என்ஜின் விடாமல் இழுத்தால் முன்னால் நிற்பது மரம். அன்றே கேபிளை மாற்றினோம், பிடிக்குள் இருந்த சேறைக் கழுவினோம். இப்போது ஒவ்வொரு முறையும் ஓடுவதற்கு முதல், ஹாண்டிலை முழுக்க இடப்பக்கம், முழுக்க வலப்பக்கம் திருப்பி வைத்துத் திருகி விட்டுப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் 'டக்' என்று திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பைக் கராஜை விட்டு வெளிக்கிடாது.

அடுத்தது எயார் ஃபில்ரர். மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் கையில் ஊறின பாண் மாதிரிப் பிய்ந்து வந்தது. விற்றவர் சேர்விஸ் செய்து தந்தது என்றுதான் சொன்னார். கேட்ட என்னைத்தான் சொல்லவேணும்.

நாங்கள் ஓடப் போவது கனராஸ்கா காட்டுக்கு, போர்ட் ஹோப்புக்கு வடக்கே. ஒரு காலத்தில் மரமெல்லாம் வெட்டி வெறும் மணல்மேடாகக் கிடந்த இடம். 1940களில் இருந்து பைன் நட்டுக் காடாக்கினார்கள். மேலே பைன், கீழே இன்னும் அதே மணல். முன்னால் போகிற பைக் கிளப்புகிற தூசியைத்தான் பின்னால் வருகிற என்ஜின் குடிக்கிறது. அந்த நுண்மணல் உள்ளே போனால் சிலிண்டரையும் பிஸ்ரன் ரிங்கையும் மண்பேப்பர் மாதிரி அரைக்கும். ஆறு மாதத்தில் பைக் ஸ்ரார்ட் எடுக்கக் கஷ்டப்படும், "ஹொண்டாவும் இப்ப முந்தி மாதிரி இல்லை" என்று நாங்கள் பேசுவோம்.

ஸ்பொஞ்சைப் பெற்றோலில் கழுவாதீர்கள். நெருப்புப் பயம் ஒரு பக்கம், ஒட்டுப் பசையும் கரையும். அதற்கென்று விற்கிற திரவத்தில் அல்லது பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில் கழுவி, நல்லாக் காயவிட்டு, ஃபில்ரர் ஒயிலைப் போட்டுப் பிசையுங்கள். ஒயில் இல்லாத ஸ்பொஞ்ச் தூசியைப் பிடிக்காது. இரண்டு ஃபில்ரர் வைத்திருந்தால் ஒன்று காயும்போது மற்றது ஓடும்.

என்ஜின் ஒயிலும் கியர் ஒயிலும் இதில் ஒன்றுதான், கிளட்ச்சும் அதற்குள்ளேயே கிடக்கிறது. அதனால் காருக்கு வாங்கின மிச்ச ஒயிலை ஊத்தினால் கிளட்ச் வழுக்கலாம். போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்று இருக்கிறதா பாருங்கள்.

அப்பாவுக்கு ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்க்கும் பழக்கம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு, பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சினது ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும், பிளக்கில் கரி கட்டும். மணந்து பார்க்காதவனின் வண்டி நிற்கும். பிளக்கைக் கழற்றித் தேய்ச்சு மாட்டுறது அப்பாவுக்குக் காலையில் பல்லுத் தீட்டுற மாதிரி. எங்கட ஊரில் "சி-90 சாகாது" என்று சொல்லுவார்கள். அதைச் சாக விடாமல் வைத்திருந்தவர்களை யாரும் சொல்லுவதில்லை.

கென்னடி ரோட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார், "மொட்டோகுரொஸ் பைக் ஒன்றே எடுத்திருக்கலாமே, பிள்ளை வளருவாள்தானே?" ரேஸ் பைக் வேறு சாதி. அதன் புத்தகத்தில் கிலோமீற்றரில் இல்லை, மணித்தியாலத்தில் கணக்கு. பிஸ்ரனையே சில பத்து மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். பாவிச்ச ரேஸ் பைக்கை மணித்தியாலக் கணக்குத் தெரியாமல் வாங்கிறது, தேதி கிழிச்ச பால் பெட்டி வாங்கிற மாதிரி.

போல்ற் விஷயத்தை எங்கட பகுதி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1985இல் தொடங்கின ஸ்காபரோ ஆர்ரி, 2023 ஜூலை 24ஆம் தேதி எல்ஸ்மியர் ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் தடம்புரண்டது. கடைசிப் பெட்டி கழன்றது, ஐந்து பேருக்குக் காயம். நடுவில் ஓடுகிற ஒரு தண்டவாளத்தைப் பிடித்திருந்த போல்ற்றுகள் தளர்ந்ததுதான் காரணம் என்று பிறகு வந்தது. அந்த ரயில் திரும்பி ஓடவே இல்லை. டேர்ட் பைக் குலுங்கிக்கொண்டே ஓடுகிற சாமான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சில்லு நட், பிரேக் போல்ற், ஸ்போக் கம்பி எல்லாவற்றிலும் கை வையுங்கள். செயின் தொய்வையும் பாருங்கள். அளவு புத்தகத்தில் இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராரியோவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, வண்டிச் சொந்தக்காரரின் காணிக்கு வெளியே ஓடினால் வளர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹெல்மெட், இலக்கத் தகடு, இன்சூரன்ஸ் வேண்டும். எங்கட தெருவிலோ பார்க்கிலோ ஓட்டவே ஏலாது. காட்டுக்கும் பாஸ் எடுக்க வேண்டும்.

ஒரு மணித்தியாலம் ஓடினால் கராஜில் எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் போகிறது. ஹொக்கி, நடனம், தமிழ் வகுப்பு என்று வாரம் நிறைஞ்ச வீடென்றால் வாங்காதீர்கள். துடைக்க நேரமில்லாத வீட்டில் இது பிள்ளைக்கு ஆபத்து.

எங்களுடையது காபரேற்றர் மொடல். ஃபியூவல் இன்ஜெக்ஷன் இதற்கு 2019இல்தான் வந்தது. அதனால் நவம்பரில் காபரேற்றரில் கிடந்த பெற்றோலை வடிச்சு விட்டோம், இல்லாவிட்டால் வசந்தத்தில் பசையாகி அடைச்சுக்கொள்ளும். இந்த ஏப்ரலில் திறந்தபோது மகள் ஒயில் குச்சியைப் படம் எடுத்து அப்பப்பாவுக்கு அனுப்பினாள். உடனே கோல் வந்தது.

"படத்தில மணம் வராது பிள்ளை. மூக்கை வை."

வைத்தாள். பெற்றோல் மணம் லேசாக வருகுது என்றாள். பெற்றோலை மறிக்கிற ஊசி வால்வு சரியாக மூடவில்லை போல. இந்தச் சனிக்கிழமை காபரேற்றரைக் கழற்றுகிறோம்.