ஸ்டேஜ் என்ன சார்?

நம் ஊரில் ஸ்கேன் ஃபிலிம் பார்க்கத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. கவரிலிருந்து உருவி, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "ம்ம்..." என்பார்கள். (தலைகீழாகப் பிடித்திருப்பது வேறு விஷயம்.) அடுத்த கேள்வி, "ஸ்டேஜ் என்ன சார்?"

அந்த ஸ்டேஜை எப்படித்தான் முடிவு செய்கிறார்கள் என்று, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நண்பன் ஒருவனுக்காக விசாரிக்க வேண்டி வந்தது. அப்பா தறி நெய்கிறவர். அம்மா தார் சுற்றுகிறவர். அம்மாவுக்கு மார்பில் கட்டி. எட்டு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. "பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேம்பா" என்றாராம். கல்யாணம் முடிந்தது. கட்டி எலுமிச்சம்பழத்தைத் தாண்டிவிட்டது.

வீட்டில் மாநாடு கூடியது. தாய்மாமன் சொன்னார்: "எதுக்குடா ஸ்கேனு கீனுன்னு அலையுற? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நாளைக்கே கத்தி வெச்சு எடுத்துட்டா போச்சு!"

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "பாவை விரிச்சுப் பாக்காம எவனாவது நாடாவை எடுப்பானா?" காஞ்சிபுரம் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவர்களுக்குப் புரியும். பட்டுப் பாவை நீளமாக இழுத்து விரித்து, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்துவிட்டுத்தான் தறிக்கு ஏற்றுவார்கள்.

டாக்டர்கள் விரித்துப் பார்ப்பதும் அப்படித்தான். முதலில் ஊசியால் துளி சதை எடுத்து, புற்றுதானா என்று உறுதி செய்கிறார்கள். (ஊசி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வதை நம்பாதீர்கள்.) பிறகு டி, என், எம் என்று மூன்று எழுத்து. டி என்பது கட்டி: 2 சென்டிமீட்டருக்குள்ளா, 5 வரையா, அதற்கும் மேலா, தோலையோ மார்புச் சுவரையோ பிடித்துவிட்டதா? என் என்பது அக்குள் நெறிகள். எம் என்பது தூரத்து ஊர்கள்: எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் முதல் இரண்டைச் சொல்லும். நுரையீரலையும் ஈரலையும் சி.டி. பார்க்கும், எலும்பை போன் ஸ்கேன் பார்க்கும். மூன்று எழுத்தையும் கூட்டினால் ஸ்டேஜ்.

இதில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருப்பது வெறும் ஒரு நம்பர் இல்லை. மூன்று என்றால் குணமாக்கப் பார்ப்பார்கள். நாலு என்றால் பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைத்து ஆயுளை நீட்டுவதுதான் குறி. அப்போது மார்பை அவசரமாக வெட்டி எறிவதால், ஏற்கெனவே ஊர் தாண்டிப் போனது திரும்பி வராது. மூன்றாக இருந்தாலும் பல சமயம் முதலில் மருந்து, கட்டி சுருங்கிய பிறகே கத்தி. மருந்தில் கட்டி காணாமலே போய்விடுவதும் உண்டு! அப்போது எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதற்கு அந்தப் பழைய ஸ்கேன்தான் சாட்சி.

காஞ்சிபுரத்தில் இதைப் பற்றி எழுதும்போது அண்ணாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார். அந்தத் தேதியில் சி.டி. ஸ்கேன் என்ற சாதனம் அமெரிக்காவிலும் இல்லை. லண்டனில் முதல் நோயாளியைப் படுக்க வைத்தது 1971 அக்டோபரில்தான். ஒரு முதலமைச்சருக்குக் கிடைக்காத படம் இன்று தார் சுற்றும் அம்மாவுக்குக் கிடைக்கிறது. ஊருக்கு வெளியே காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

நண்பனின் அம்மாவுக்கு சி.டி.யில் நுரையீரல், ஈரல் இரண்டும் சுத்தம். போன் ஸ்கேனில்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. இரண்டு முழங்காலும் பளிச். முதுகெலும்பில் ஒரு புள்ளி. "நாலாவது ஸ்டேஜ்" என்று மாமா அறிவித்தே விட்டார். நண்பன் போனில் அழுதான்.

விஷயம் என்னவென்றால், அந்த ஸ்கேனுக்குப் புற்றுநோயைத் தனியாக அடையாளம் தெரியாது. எலும்பில் எங்கெல்லாம் வேலை நடக்கிறதோ அங்கெல்லாம் கறுக்கும். தேய்ந்த முழங்கால், எப்போதோ விழுந்து அடிபட்ட இடம், எல்லாமே தெரியும். சர்க்கரையோடு கதிரியக்கத்தைச் சேர்த்து ஏற்றும் பெட் ஸ்கேனிலும் இதே தொல்லை உண்டு. நம் ஊர்க் காசநோய் நெறி அதில் தீபாவளி மாதிரி ஜொலிக்கும். சந்தேகப் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தால், இன்னொரு பரிசோதனை செய்யாமல் நாலு என்று எழுதக்கூடாது. அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வயசான தேய்மானம்! ஸ்டேஜ் மூன்று. அடுத்த வாரமே கீமோ ஆரம்பித்தாயிற்று.

இதைக் கேட்ட எங்கள் ஆபீஸ் சகா, "அப்ப எல்லாருக்கும் ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்துட வேண்டியதுதானே?" என்றார். அவர் மனைவிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் ஒன்றுமில்லை, வேறு உபத்திரவமும் இல்லை. இவர் பெட் ஸ்கேனுக்காக நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். தேவையில்லை சார். பரவும் வாய்ப்பு குறைவான ஆரம்ப நிலையில் பெட், சி.டி., போன் ஸ்கேன் எல்லாம் வழக்கமாக எடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. கிடைப்பதைவிட இல்லாத புள்ளியைக் கண்டு மிரள்வதுதான் அதிகம். "இந்த ஸ்கேன் ரிசல்ட்டால வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்று கேட்கச் சொன்னேன். கேட்டார். மாறாது என்றாராம். நகை பீரோவிலேயே இருக்கிறது.

எடுத்தே ஆகவேண்டியவர்களுக்கு, கூடப் போகிற மகனோ தம்பியோ கவனிக்க: மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.க்கு முன்பு கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்பார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போன் ஸ்கேனில் ஊசி போட்டபின் சுமார் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆகவே வாட்டர் பாட்டில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஃபிலிம்கள் எல்லாம் ஒரே பையில். அரை நாள் லீவு போதாது, முழு நாளாகவே போட்டுவிடுங்கள்.