முதலில் கல்; பிறகு தேதி!

ஈஜிபுரா கோதண்டராம சுவாமி கோவிலுக்கு வந்த பாறையைப் பெங்களூர் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விசுவரூப மகாவிஷ்ணு சிலைக்காக வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய கல் அது. எடை 300 டன்னுக்கு மேல். 240 சக்கர லாரியில் 2018 கடைசியில் கிளம்பி, 2019 நடுவில்தான் ஊர் வந்து சேர்ந்தது. செஞ்சியில் வழி விடக் கட்டிடங்களை இடித்தார்கள். பாலம் தாங்காத இடங்களில் ஆற்றில் மண் கொட்டிச் சாலை போட்டார்கள்.

பெங்களூரைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். பாறை வேறு, சிலைக்கல் வேறு. அத்தனை உயரத்துக்கு விரிசல் இல்லாத ஒரே கல் கிடைப்பது அபூர்வம்.

சிறிய சிலைக்கும் இதே கதைதான். சிற்பி கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று மணி போல ஒலித்தால் சாமி சிலைக்கு ஆகும். ஓசை எழாத கல் தளவரிசைக்குப் போகும். பிறகு தண்ணீர் ஊற்றிக் காயவிடுவார். விரிசல் உள்ள இடம் கடைசியில்தான் காயும்.

பேலூர் சென்னிகராயர் சிலையைப் பற்றிக் கன்னடர் சொல்லும் கதையும் இதுவே. கல்லில் குறை இருக்கிறது என்றான் ஓர் இளைஞன். ஜகணாச்சாரி தன் வலக்கையையே பணயம் வைத்தார். சந்தனம் பூசினார்கள். வயிற்றுப் பகுதி மட்டும் காயவில்லை. உளி பட்டதும் உள்ளிருந்து தேரை குதித்தது! இளைஞன் அவருடைய மகனாம்.

கல் தேறிய பிறகே காவி நூலால் நடுக்கோடு அடிப்பார்கள். பிரம்ம சூத்திரம் என்று அதற்குப் பெயர். எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். அடுத்து, வேண்டாத கல்லைக் கழிப்பார்கள். சோதனைக்குத் தப்பிய உள்விரிசல் அநேகமாக அப்போதுதான் வெளியே வரும்.

நம்மவர்களில் பலர் செய்வது என்ன? பிள்ளையார் கோவிலுக்கு நிதி திரட்டுகிறார்கள். கும்பாபிஷேகத் தேதி குறித்து, நோட்டீஸ் அடித்து, மைக் செட்டுக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டு, கடைசியில் சிற்பியைத் தேடுகிறார்கள். நாற்பது நாளில் வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? பட்டறையில் கிடக்கும் கல்லில்தான் உளி வைப்பார். பாதியில் விரிசல் கண்டாலும் கல்பொடியும் பசையும் வைத்து அடைக்கவே கை போகும். வேறு கல் எடுத்தால் நஷ்டம் அவர் தலையில். உடன் வேலை செய்யும் கூலிக்காரர்களுக்கும் அந்த வாரம் சம்பளம் இல்லை.

நன்கொடை தருகிறவர்கள் கட்டிட மேஸ்திரிகள், மூட்டை தூக்குபவர்கள், குமாஸ்தாக்கள். ரசீது வாங்கும்போதே அவர்கள் கேட்கலாம்: கல் பார்த்தாயிற்றா? யார் போய்ப் பார்த்தார்கள்?

கல்லுக்கென்று தனியாக முன்பணம் தர வேண்டும். வேலை தொடங்கிய பின் விரிசல் தெரிந்தால் கல்லின் விலை கமிட்டியைச் சேர்ந்தது என்று எழுதியும் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் அடிக்க அச்சகத்தாருக்கு இரண்டு நாள் போதும்.