அறுவைக்குப் பிறகு யார் பார்ப்பது?



2024 ஏப்ரலில், சென்னைப் பம்மலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அன்றிலிருந்து இந்தச் சிகிச்சை என்றாலே கத்தியைப் பற்றித்தான் பேச்சு. நலமாக வீடு திரும்புபவர் பிறகு எப்படி வாழ்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சிகிச்சையில் ஒருவகையான 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிடுகிறார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும்; சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முட்டை, மீன், பயறு முதலில், சோறு கடைசியில். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும். 'இளைத்தாயிற்றே' என்று மாத்திரையை நிறுத்தினால் ரத்தசோகை, கைகால் மரப்பு வரலாம். குறைந்த எடை திரும்புவதும் உண்டு. (எங்கள் ஊர்ப் பந்தியில் 'இன்னும் ஒரு கரண்டி' என்பவர்களிடம் தப்புவது தனிக் கலை!)

எங்கள் குளத்தூர்க்காரர்கள் இதற்கெல்லாம் பெருநகரத்துக்கு அலைய முடியாது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களையும் சேர்க்க வேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது இவர்களுக்கென உணவு ஆலோசனையும் ரத்தப் பரிசோதனையும் நடத்த வேண்டும்.

- வாசகர்,
குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்.